மஞ்சள் இல்லாத அட்டை

அவவுடைய பேரை நான் எழுதப்போவதில்லை. பேர் எழுதுவது ஒரு மரியாதை. அந்த மரியாதையை அவவுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி எழுத நேரம் எடுக்கும். அவசரக்காரர் வேறு ஏதாவது வாசிக்கட்டும்.

அவவை முதன்முதல் கண்டது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் பக்ரறியில். அடுப்பால் வெளியே வரும் பிஸ்கட் நீளமான பெல்ற்றில் ஓடி வரும். இரண்டு பக்கமும் நாங்கள் தலைக்கு வலை கட்டிக்கொண்டு நிற்போம். உடைந்தது, கருகினது, கோணலானது எல்லாவற்றையும் கையால் தட்டிப் பக்கத்துத் தொட்டிக்குள் விழுத்த வேண்டும். நாங்கள் ஊர்க்கதை கதைத்துக்கொண்டு செய்த வேலையை அவ செபமாலை சொல்கிற மாதிரிச் செய்வா. உதடு மட்டும் அசையும். ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டேன். "போகட்டும். போகட்டும். தள்ளு. போகட்டும். தள்ளு." வேறொன்றும் இல்லை.

ஒருமுறை சுப்பவைசர் வந்து, சின்ன உடைவென்றால் விடச் சொன்னான். தொட்டி நிரம்பி வழிகிறதாம். அவ பெல்ற்றில் இருந்து கண்ணை எடுக்காமல் அவனிடம் திருப்பிக் கேட்டா, எவ்வளவு சின்னன் என்று. அவன் விரலால் காட்டப் பார்த்தான், அதைவிடச் சின்னனாகவும் காட்டினான், பிறகு கையை மடக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் அவவைத்தான் எங்கள் வரிசைக்குத் தலைவியாக்கினார்கள்.

தள்ளின பிஸ்கட்டைப் பையில் கட்டி வேலையாட்களுக்கு மலிவாக விற்பார்கள். நான் வாங்குவேன். என் பிள்ளைகள் உடைந்த பிஸ்கட்டில் வளர்ந்தவர்கள், ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை. அவ ஒருநாளும் வாங்கினதில்லை.

"தள்ளினதைத் தின்னக் கூடாது, திரேசக்கா. பிறகு நாக்குக்கு வித்தியாசம் தெரியாமல் போயிடும்."

"உமக்கென்ன, பிள்ளை குட்டி இல்லாதனீர்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இப்போது நினைக்க, சொல்லியிருக்கலாம்.

வேலை விட்ட பிறகும் அவவுக்கு அந்தப் பெல்ற் ஓடுவது நிற்கவில்லை. மல்வேர்னில் நானும் அவவும் ஒரே கட்டிடத்தில், மேலும் கீழுமாக இருந்தோம். நான் கூழ் காய்ச்சிக் கொண்டுபோனால் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "புளி கூட. தள்ளு" என்பா. தள்ளின கூழை முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் சொல்லுவா, அது வேறு. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவுடன் சுவாமியின் பிரசங்கத்துக்கு மார்க்ஸ் போடுவா. அவவைக் கட்டின மனிசன் ஒரு பாவப்பட்ட பிறவி. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று அவ முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மனிசன் செத்துப் பெட்டிக்குள் கிடக்கையில், ஊரே வரிசையாக நின்று பார்க்க, அவ குனிந்து, "ரை கோணல்" என்றா. கழுத்துப் பட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினா. பிறகு ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்து, "ம், போகட்டும்" என்றா. அதுதான் அந்த மனிசனுக்கு அவவிடம் கிடைத்த ஒரேயொரு பாஸ்.

அப்படிப்பட்டவவைத் தேடி ஒரு அமைப்பு வந்தது என்றால் அதில் என்ன அதிசயம்.

வயிற்றிலுள்ள பிள்ளையை அழிக்கக் கூடாது என்று நிற்கிற ஆட்கள். வெள்ளைக்காரர் நடத்துவது. அவர்களுடைய வேலை, பாராளுமன்றத்துக்குப் போகிறவர்களுக்கு மார்க்ஸ் போடுவது. ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்துக் கேள்வி கேட்பார்கள். இந்தச் சட்டம் வந்தால் ஆதரிப்பாயா, அந்தச் சட்டத்தை எதிர்ப்பாயா என்று. சபையில் வாக்கெடுப்பு வந்தால் யார் எந்தப் பக்கம் கை தூக்கினது என்று பார்ப்பார்கள். பிறகு தேர்தலுக்கு முன்னமும், ஒவ்வொரு வாக்கெடுப்புக்குப் பிறகும் ஒரு அட்டை அடித்து விடுவார்கள். பேருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். பச்சை என்றால் எங்கள் ஆள். சிவப்பு என்றால் இல்லை. பதில் சொல்லாதவர், வாக்கெடுப்புக்கு வராதவர், இரண்டும் கெட்டான்கள் எல்லாருக்கும் மஞ்சள். தமிழ்ச் சனத்துக்குத் தமிழில் அட்டை போடும் பொறுப்பை அவவிடம் கொடுத்தார்கள்.

நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயிற்றுப் பிள்ளை விசயத்தில் எனக்கும் அவவுக்கும் ஒரு பேதமும் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால்தான் அவவோடு சேர்ந்து நானும் கோயில் கார் பார்க்கில் பற்றிஸ் விற்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்று அட்டை கொடுத்தேன். உள்ளுக்குள் கொடுக்கச் சுவாமி விடமாட்டார்.

முதல் அட்டையில் மஞ்சள் இருந்தது. நான் அதைப் பார்த்து, "உவர் நல்லவர் போல கிடக்கு, மஞ்சள் குடுத்திருக்கினம்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எங்களுக்கு மஞ்சள் என்றால் நல்ல காரியம். கலியாண அழைப்பிதழில் மூலைக்கு மூலை பூசுவது. வெள்ளைக்காரருக்கு அது சந்தேகத்தின் நிறம் என்று யார் கண்டது? அவ எங்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தா. உடைந்த பிஸ்கட்டைப் பார்க்கிற அதே பார்வை. அடுத்த அட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டா. பச்சையும் சிவப்பும் மட்டும். இங்கிலீசில் மஞ்சளாக இருந்தவர்கள் எல்லாரும் தமிழில் சிவப்பு.

"எங்கட சனத்துக்கு நடுவிலை ஒண்டு வைக்கக் கூடாது. வைச்சா அதுக்குள்ள போய்ப் படுத்திடும்" என்று சொன்னா. பெரிய இடத்தில் கேட்டுத்தான் செய்தாவாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, சரி என்று விட்டுவிட்டார்கள்.

அவ போன் எடுக்கிறதைப் பார்க்க நான் வேலைவெட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்பா. ஒரு வீட்டுத் தரகர் மாகாணத் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டார். பஸ் தரிப்பிடத்தில் சனம் இருக்கிற வாங்கில் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு படம் போட்டிருப்பார்.

"அன்ரி, நானும் ரெண்டு பிள்ளையளின்ர தகப்பன்தானே" என்றார் அவர்.

"தம்பி, நீர் தகப்பனோ எண்டு நான் கேக்கேல்லை. உந்தச் சட்டம் வந்தா ஆதரிப்பீரோ, மாட்டீரோ?"

"அன்ரி, அது கொஞ்சம் சிக்கலான விசயம்."

"சிக்கல் எண்டு ஒரு நிறம் என்னட்டை இல்லை, தம்பி."

போனை வைத்துவிட்டு, "தள்ளு" என்றா. நான் வயிறு நோகச் சிரித்தேன்.

அந்தத் தேர்தலில் என் தங்கச்சியின் மகள் அனெற்றாவும் நின்றாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. என்னைப் பெரியம்மா, பெரியம்மா என்று சுற்றிக்கொண்டு திரிந்தவள். அவளுக்கும் அவ போன் எடுத்தா. அனெற்றா சுற்றி வளைக்காமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். "உங்கட பிள்ளைக்குப் பச்சை, திரேசக்கா" என்று வந்து சொன்னபோது, அவவுக்கு முன்னால் என்றைக்கும் குனியாத என் தலை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கோயில் சனம் திரண்டு வாக்குப் போட்டது. அனெற்றா வென்று மாகாணப் பாராளுமன்றத்துக்குப் போனாள். தங்கச்சி கோயிலில் முன் வாங்குக்கு வந்தாள்.

அனெற்றாவுக்குக் கலியாணமாகிக் கனகாலம் பிள்ளை தங்கவில்லை. பாராளுமன்றம் போன பிறகுதான் ஒன்று தங்கியது. ஐந்தாம் மாதம் நடக்கையில், ஒருநாள் விடியவே தங்கச்சியின் போன். இரத்தம் போகிறதாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். நான் அவவுக்குச் சொன்னேன். என்னைவிட முந்தி அவ கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா.

அன்றைக்கு அவவைப் போல ஒருத்தி இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலையை ஒரு நிமிசம் விடாமல் சொன்னா. பிள்ளை பின்னேரம் உயிரில்லாமல் வந்தது. நேர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது நாங்கள் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவதான் கையை நீட்டி வாங்கினா. உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. தன் கைலேஞ்சியை விரித்துச் சுற்றினா. நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டா. "பேர் வையுங்கோ பிள்ளை, பேரில்லாமல் அனுப்பக் கூடாது" என்று அனெற்றாவிடம் சொன்னா. அனெற்றா ஒரு பேர் சொன்னாள். அந்தப் பேரை அவ பிள்ளையின் காதுக்குள் சொன்னா.

அதே பின்னேரம்தான் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. மனச்சாட்சி இடம் கொடுக்காத டொக்டர்மார் பிள்ளையை அழிக்க உதவத் தேவையில்லை என்று யாரோ கொண்டுவந்த சட்டம். தோற்கும் என்று எல்லாருக்கும் தெரியும், தோற்றது. அனெற்றா போகவில்லை. எப்படிப் போவாள்?

அடுத்த அட்டை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தடிமன், கோயிலுக்குப் போகவில்லை. தங்கச்சி பூசையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து அட்டையை மேசையில் போட்டாள். எனக்கு எழுத்துத்தான் குறைவு, நிறம் தெரியும். அனெற்றாவின் படம் போட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு.

கீழே இறங்கிப் போனேன். அவ முருங்கைக்காய் சீவிக்கொண்டிருந்தா.

"நீரும் அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நிண்டனீர்தானே?"

"நிண்டனான்."

"பிறகு உது என்ன?"

"வாக்குப் போட வரேல்லை. வராதவைக்குச் சிவப்பு."

"அவள் ஏன் வரேல்லை எண்டு உமக்குத் தெரியாதோ? அந்தப் பிள்ளையை உம்மட கையிலை எல்லோ வாங்கினனீர்!"

"எனக்குத் தெரியும் அக்கா. அட்டைக்குத் தெரியாது." காயைக் கீழே வைத்தா. "அனெற்றாவுக்கு எண்டு ஒருக்கா மாத்தினா, நாளைக்குக் காய்ச்சல் எண்டு ஒருத்தன் வருவான், கார் பழுது எண்டு ஒருத்தன் வருவான். எவ்வளவு சின்ன உடைவை விடுறது, சொல்லுங்கோ?"

"இங்கிலீஸ் அட்டையிலை அவளுக்கு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"அப்ப மஞ்சளைப் போடும்."

"மஞ்சளை எடுத்தாச்சு. உங்களாலைதான் எடுத்தனான், திரேசக்கா. மஞ்சளைக் கண்டு மயங்கினது நீங்கள்."

அவவுக்கு முகத்தில் ஒரு சலனம் இல்லை. காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு, உதவி செய்கிற குரலில் சொன்னா. "வேணுமெண்டா ஒரு வழி இருக்கு. ஏன் வரேல்லை எண்டு அனெற்றா எழுதிக் கையெழுத்து வைச்சு, ஆஸ்பத்திரிக் கடிதத்தோடை தரட்டும். அட்டையிலை கீழை அதைப் போட்டுப் பச்சையாக்கலாம்."

அந்த வாரமே அனெற்றாவிடம் போனேன். திரைச்சீலையைத் திறக்காமல் கதிரையில் கால் மடக்கி இருந்தாள். நான் அந்த வழியைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"பெரியம்மா, என்ர பேபியை நான் மார்க்ஸுக்குக் குடுக்க மாட்டன். நோ."

அதுக்குப் பிறகு நான் அவளிடம் அந்தக் கதையை எடுக்கவில்லை.

மற்றவர்கள் எடுத்தார்கள். ஐந்து மாத வயிற்றோடு கோயிலுக்கு வந்தவள், வயிறில்லாமல் நிற்கிறாள். அவளுடைய பேருக்குப் பக்கத்தில், பிள்ளை அழிக்கிறவர்களுக்குப் போடுகிற சிவப்பு. சனத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கூட்ட எவ்வளவு நேரம் வேண்டும்? பற்றிஸ் மேசையடியில் என் காதாலேயே கேட்டேன். "அழிச்சுப்போட்டாளாம். பதவிக்கு இடைஞ்சல் எண்டு." சொன்னவளின் முகத்துக்கு முன்னால் போய் நின்று, "உன்ர வாய் அழுகிப் போகும்" என்றேன். அவள் விலகி நின்று மற்றவளோடு கதையைத் தொடர்ந்தாள். நான் சொன்னால் யார் நம்புவது, நான் பெரியம்மா. தங்கச்சி சொன்னால், அவள் தாய். ஒரேயொரு ஆள் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அந்த ஆள் அட்டை அடுக்கிக்கொண்டு நின்றா.

இந்த வயதில் நான் ஒருத்தரிடமும் போய்க் கேட்டு நிற்கிறவள் இல்லை. தங்கச்சிக்காகப் போனேன்.

"நீர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கண்டனான், பிள்ளை தானாய்ப் போனது எண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, அக்கா."

"கேட்டால்தான் சொல்லுவீரோ?"

"ஓம். வாய் திறந்து கேட்டா உள்ளதைச் சொல்லுவன். கேக்காமல் சொன்னா அது வக்காலத்து. மார்க்ஸ் போடுறவ வக்காலத்து வாங்கக் கூடாது."

ஊரில் யார் அவவிடம் போய்க் கேட்பார்கள்? அட்டையைக் கையில் கொடுத்தவவிடமே, அட்டை சரியோ என்று யார் கேட்பது? அது அவவுக்கும் தெரியும்.

அடுத்த தேர்தலுக்கு முன்னம் கட்சிக்குள்ளேயே அனெற்றாவுக்கு எதிராக ஒருத்தர் கிளம்பினார். வேறு யாருமில்லை, வாங்கில் பல்லைக் காட்டுகிற வீட்டுத் தரகர்தான். இந்தமுறை படித்துக்கொண்டு வந்திருந்தார். அவ போனில் கேள்வியைக் கேட்டு முடிக்க முன்னமே, "ஓம் அன்ரி, ஓம் அன்ரி, நூற்றுக்கு நூறு ஓம் அன்ரி." பச்சை போட்டா.

"அவன் மனசுக்குள்ளை என்ன இருக்குதெண்டு உமக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"மனசைப் பாக்கிறது ஆண்டவரின்ர வேலை. வாயாலை சொன்னதுக்குத்தான் மார்க்ஸ்."

கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்கிற கூட்டத்துக்கு எங்கள் கோயில் சனம் பஸ் பிடித்து வந்தது. கையில் அட்டை. அனெற்றா தோற்றாள். மேடையிலிருந்து இறங்கி வருகையில் வழியில் நின்ற ஒரு கிழவி அவளிடம், "பாவத்தின் சம்பளம்" என்றாள். அனெற்றா அந்தக் கிழவிக்கு நன்றி சொன்னாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளங்கியிருக்கும்.

இப்போது அவள் ஸ்ரௌவ்வில் என்கிற தூரத்து ஊரில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தமிழ்க் கடைக்குக்கூட வருவதில்லை. தங்கச்சி வெள்ளைக்காரக் கோயில் ஒன்றில் பின் வாங்கில் இருந்து, விளங்காத பிரசங்கம் கேட்கிறாள்.

அவ ஏன் அப்படி என்று நான் கனகாலம் யோசித்தேன். பிள்ளை இல்லாத ஏக்கமோ, சின்ன வயதில் யாராவது அடித்து வளர்த்தார்களோ என்று. ஒன்றும் கிடைக்கவில்லை. சிலர் அப்படித்தான். சில பிஸ்கட் ஒரு அடியும் படாமல் அடுப்பிலிருந்தே கோணலாக வரும்.

போன மாரியில் அவவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. பேச்சுத்தான் போனது, புத்தி போகவில்லை என்று டொக்டர் சொன்னாராம். ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். யாரும் இல்லாத மனுசி என்று நான்தான் ஞாயிறுகளில் பூசை முடியப் போய் வருகிறேன். கூழ் கொண்டுபோய் ஊட்டிவிடுவேன். புளி கொஞ்சம் கூடத்தான் விடுவேன். தள்ளச் சொல்ல வாயில்லை, விழுங்குவா.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் எதிரேயுள்ள சுவரில் ஒரு வட்ட ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். என்னவென்று நேர்ஸிடம் கேட்டேன். தானாக எழும்பி நடக்கிற ஆளுக்குப் பச்சையாம். ஒருத்தர் பிடிக்க வேண்டுமென்றால் மஞ்சளாம். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆளுக்குச் சிவப்பாம். பக்கத்துக் கட்டில் சீனக்காரிக்கு மஞ்சள். அவவுக்குச் சிவப்பு. தூக்குகிற ஆட்களுக்கான அடையாளம், அவ்வளவுதான்.

அவவுக்கு அதை ஒருத்தரும் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறா. நான் போய்க் கதிரையை இழுத்துப் போட்டதும் இடது கையைத் தூக்கி அதைக் காட்டுவா. பிறகு என்னைப் பார்ப்பா. திரும்பவும் அதைக் காட்டுவா. கண்ணால் தண்ணீர் வழியும். போன கிழமை சக்கர நாற்காலியில் இருத்தியபோது சுவரோடு சாய்ந்து, ஸ்ரிக்கரை நகத்தால் சுரண்டியிருக்கிறா. ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. நேர்ஸ் புதிது ஒன்று எடுத்து வந்து, அதற்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போனாள். அதே சிவப்பு.

அவ என் சேலையைப் பிடித்து இழுத்தா. ஸ்ரிக்கரைக் காட்டினா. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தா. சத்தம் வரவில்லை.

நான் அவவின் வாயைத் துடைத்துவிட்டேன். தலையணையைச் சரிப்படுத்தினேன். அது என்ன நிறம், எதற்கு ஒட்டியது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தைதான்.

வாய் திறந்து கேட்கட்டும், சொல்லுகிறேன்.